தை மாதம் அறுத்த புல்

பத்து மணிக்குக் கலெக்டர் அம்மா வந்துவிடுவார் என்றார்கள், மணி பதினொன்றே காலாகிவிட்டது, வருகிறார், வந்துகொண்டே இருக்கிறார், அடிவாரம் தாண்டிவிட்டார் என்று மைக்கில் ஒருத்தர் அரை மணியாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார், அடிவாரம் என்ன ஆயிரம் மைல் நீளமா? வெள்ளிங்கிரி மூன்றாவது வரிசையின் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் குட்டை. இடது பக்கம் சாய்ந்தால் டக்கென்று சத்தம் வருகிறது, முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், சாயாமல் விறைப்பாக உட்கார்ந்தால் இடுப்பு பிடிக்கிறது. போட்டிருக்கிற காக்கிச் சட்டையோ அவனுடையது இல்லை. யாரோ குண்டான ஆளுடையது, தோளில் இருந்து வழிகிறது. அவனுடைய சட்டையைத்தான் சித்திரையிலேயே கழற்றி வாங்கிக்கொண்டார்களே. பன்னிரண்டு வருசம் நரிக்கானல் ரேஞ்சில் வேட்டைத் தடுப்புக் காவல், தற்காலிகம், பன்னிரண்டு வருசமாகத் தற்காலிகம், ஒரு வார்த்தையில் வீட்டுக்குப் போ என்று அனுப்பினார்கள். இன்றைக்குக் காலையில் ரேஞ்சர் தணிகைவேல் இந்தச் சட்டையைக் கொடுத்து, "இன்னிக்கு இதைப் போட்டுட்டு உக்காருய்யா, திங்கக்கிழமை உன் அளவுக்குத் தைச்சுக்கலாம்" என்றார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சட்டைப் பைக்குள் நாலாக மடித்த தாள் ஒன்று மூச்சு விடும்போதெல்லாம் சரசரக்கிறது. எதிரே வனத்துறைத் தகவல் மையத்தின் புதுச் சுவர், புதுப் பெயிண்ட் நாற்றம், சுவரில் பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் காட்டி நிற்கிறது. பட்டணத்துக்காரர்கள் காட்டெருமை என்பார்கள், இவன் ஊரில் காட்டி. அதை ஆறடி அகலத்தில் எண்ணெய் வர்ணத்தில் வரைந்திருக்கிறார் கிருபாகரன் சார். திரையை இழுத்தால் எல்லாரும் பார்க்கப் போகிறார்கள். இழுக்கட்டும், சீக்கிரம் இழுத்துத் தொலைக்கட்டும் என்று இருந்தது அவனுக்கு.

தாளில் எழுதியிருப்பது அவனுக்கு மனப்பாடம். கடந்த மாசி மாதம் ஒரு காட்டெருமையின் காலில் சுருக்குக் கம்பி இருந்ததாக நான் சொன்னது என் தவறான புரிதலால் நேர்ந்தது, அப்படி எதையும் நான் பார்க்கவில்லை, இனி இவ்வாறு பொய்யான தகவல் தரமாட்டேன், இப்படிக்கு. இப்படிக்கு என்பதற்குக் கீழே வெள்ளையாக இடம் விட்டிருக்கிறது. அந்த இடத்தில் பேரை எழுதினால் திங்கட்கிழமை வேலை. எழுதாவிட்டால் காட்டுக்குள்ளேயே கால் வைக்க முடியாது, விறகு பொறுக்கப் போனாலும் பிடித்து உட்கார வைப்பார்கள். "எழுதிக் குடுத்துட்டு வந்துருங்களே, ஒரு வரிதானே, காட்டிக்கு என்ன படிக்கவா தெரியும்?" என்றாள் ரங்கம்மா காலையில், களி கிண்டிக்கொண்டே. அவள் சொன்னது கோபத்தில் இல்லை, அலுப்பில். நாலு மாசமாக எஸ்டேட் காப்பிக்காட்டில் கூலிக்குப் போகிறாள், யாருடைய வேலியில் சுருக்கு இருந்தது என்று இவன் சொன்னானோ அதே எஸ்டேட். இவளைப் பார்த்தால் மேஸ்திரி, "என்ன, உம் புருசன் இன்னும் கம்பி எண்ணிட்டு இருக்கானா" என்று கேட்கிறானாம். அவளும் சிரித்து வைக்கிறாளாம், வேறென்ன செய்வாள். "படம் தொறக்கட்டும்டி" என்றான் இவன். "தொறந்ததும் நானா ஒண்ணும் பேச வேண்டியதில்ல. காலு பேசும்." அவள் களிக்கட்டையை ஓரமாக வைத்துவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தாள், பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரி. படமா பேசப் போகுது என்றாள். பேசும், பேசும், கிருபாகரன் சாரை உனக்குத் தெரியாது என்று இவன் சட்டைப் பொத்தானைப் போட்டான், பொத்தான் துளையில் நிற்கவில்லை.

கிருபாகரன் சாரை அவளுக்குத் தெரியாது, இவனுக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? மாசி பிறந்து நாலாம் நாள் வந்தார், சென்னையில் இருந்து, ஒல்லியாக, தோளில் ஒரு துணிப்பை. தகவல் மையத்துக்குப் படம் வரைய வந்த ஆர்ட்டிஸ்ட், இவரைக் கூட்டிப் போய்க் காட்டு என்றார் ரேஞ்சர். எத்தனையோ பேரைக் கூட்டிப் போயிருக்கிறான் வெள்ளிங்கிரி, எல்லாருக்கும் கேமரா, கேமராவுக்குப் பீரங்கி மாதிரி ஒரு மூக்கு. இவரிடம் அது இல்லை. போட்டோ எடுக்கமாட்டீங்களா சார் என்றால், எடுத்தா கண்ணு சோம்பேறி ஆயிடும் வெள்ளிங்கிரி என்றார். ஒரு நோட்டு, நாலு பென்சில், அவ்வளவுதான். மத்தியானம் பூராவும் பாறைமேல் குந்தி ஒரு கல்லையே வரைவார், அந்தக் கல்லில் இருக்கிற பாசியை வரைவார். சாயங்காலம் முகாம் வாசலில் பாலில்லாத கட்டஞ்சாயா வைத்துக் கொடுத்தால், நோட்டை விரித்து இவன் மடியில் போடுவார். "எங்க தப்பு, சொல்லுங்க." முதல் நாள் இவனுக்குக் கூச்சம், எல்லாம் நல்லாருக்குதுங்க என்றான். நல்லாருக்குன்னு சொல்ல எனக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க, தப்பு சொல்ல ஆள் வேணும் என்றார். அப்புறம் சொன்னான். கேளையாட்டு மானுக்கு வால் இவ்வளவு நீளம் இல்லீங்க. இந்த மரத்துல மேக்குப் பக்கம் பட்டை உரிஞ்சிருக்கும், யானை உரசுன இடம். ஒவ்வொன்றுக்கும் அவர் உடனே ரப்பரை எடுத்தார், அழித்தார், இவன் சொன்னபடி போட்டார். ஒரு பெரிய மனுசன், இவன் விரல் வைத்த இடத்தில் எல்லாம் அழித்தார். பன்னிரண்டு வருசத்தில் அவனை அப்படி யாரும் கேட்டதில்லை. எங்கே தப்பு என்று கேட்டதே இல்லை, நீதான் தப்பு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கிறங்கிப் போய்விட்டான், அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும், ஐம்பது வயசு ஆள் அந்த ஒரு கேள்வியில் கிறங்கிப் போய்விட்டான்.

ஆறாம் நாள்தான் முறிகொம்பன் வந்தான். வலது கொம்பு நுனி உடைந்த ஒற்றைக் காட்டி, இவனுக்கு எட்டு வருசப் பழக்கம், அவனுக்கு இவன் பீடி வாசனை தெரியும். வண்ணான்பாறைக்குக் கீழே, தீக்கோட்டில் நின்றான். தீக்கோடு என்றால், காட்டுத் தீ தாண்டாமல் இருக்க வருசா வருசம் தை மாசம் புல்லை அறுத்து எரித்து மொட்டையாகப் போடுகிற பட்டை. அந்தக் கோட்டில் புல் அறுத்தது இவனும் இன்னும் மூன்று பேரும், அரிவாள் பட்ட தழும்பு இன்னும் கட்டைவிரலில் இருக்கிறது. எரித்த கரிமேல் விரல் நீளத்துக்குத் தளிர் வரும், அந்தத் தளிருக்குக் காட்டி வரும். பின்னால் முள்ளிலவு மரம் ஒரு இலை இல்லாமல் செக்கச்செவேல் என்று பூத்து நின்றது. சார் மூச்சு விடாமல் வரைந்தார். காட்டிக்கு நாலு காலிலும் முட்டிக்குக் கீழே வெள்ளை, பள்ளிக்கூடப் பிள்ளை காலுறை போட்ட மாதிரி. இடது முன்னங்கால் வெள்ளையில் மட்டும் ஒரு கறுப்பு வளையம், அதைச் சுற்றி வீக்கம், ஈ. வண்டியின் கிளட்ச் கம்பி. பன்றிக்கு வேலி ஓரம் வைக்கிற சுருக்கு. முறிகொம்பன் அதில் கால் மாட்டி, கம்பி கட்டின முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டான், கம்பி சதைக்குள் இறங்கிவிட்டது. அந்தக் காலை ஊன்றாமல் நுனிக்குளம்பை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றான், தோள் ஒரு பக்கம் தூக்கி. மூன்று நாள் அதே இடத்துக்கு வந்தான், நொண்டி நொண்டி. மூன்று நாளும் வரைந்தார். மூன்றாம் நாள் ஒரு முழுப் பக்கத்தில் அந்தக் காலை மட்டும் போட்டார், கம்பியின் முறுக்கைக்கூட விடவில்லை, வரைகிறபோது அவர் கண் கலங்கியிருந்ததை வெள்ளிங்கிரி பார்த்தான், பார்த்தான், சத்தியமாகப் பார்த்தான். "இருக்கிறதை விடமாட்டேன் வெள்ளிங்கிரி, இல்லாததை வைக்கமாட்டேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே நேர்மை அதுதான்." இப்படிச் சொன்னவர் அவர். இவனா கேட்டான் சொல்லச் சொல்லி?

டக். நாற்காலி. முன்னால் இருந்தவர் திரும்பினார், எஸ்டேட் முதலாளி மணவாளன், வெள்ளை வேட்டி, சென்ட்டு. இந்தக் கட்டடமே அவர் கட்டிக் கொடுத்தது, வாசலில் கல்லில் பேர் இருக்கிறது. அவரைப் பார்த்து வெள்ளிங்கிரி பழக்கதோசத்தில் கும்பிட்டுவிட்டான், கும்பிட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் மூக்கைத் தடவிக்கொண்டான். அவர் வேலியில் கம்பி முளை பிடுங்கின குழியைக் கண்டுபிடித்தது இவன். அதே கிளட்ச் கம்பியில் இன்னும் பதினோரு சுருக்கு வரிசையாக இருந்தது. ஓடிவந்து ரேஞ்சரிடம் சொன்னான், மூச்சிரைக்க. மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்க, மயக்க ஊசி போட்டுக் கம்பியை வெட்டிடலாம், இன்னும் உயிர் இருக்குது. ரேஞ்சர் சரி சரி என்றார். மூன்று நாள் கழித்துத்தான் ஆள் போனது. வேலி சுத்தமாக இருந்தது, குழிகூட மூடி மேலே சருகு போட்டிருந்தது, காட்டியும் கோட்டில் இல்லை. பிறகு பேச்சு திரும்பிவிட்டது. எந்தக் கம்பி? யார் பார்த்தா? எஸ்டேட்காரர்கிட்ட என்ன பகை உனக்கு? பார்த்தவர் இன்னொருத்தர் இருக்காருங்க, ஆர்ட்டிஸ்ட் சார் என்றான். அவர் வந்து சொல்லட்டும் பாக்கலாம் என்றார் ரேஞ்சர். அவர் சென்னைக்குப் போய்விட்டார். போன் போட்டான் இவன், பழைய பட்டன் போனில், கரகரவென்று. "படத்துல வந்துரும் வெள்ளிங்கிரி, கவலைப்படாதீங்க, என் வாயைவிடப் படம் பெரிசு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நாலு மாசம் ஓடியது. முறிகொம்பன் உயிரோடு இருக்கிறானா, எங்கேயாவது விழுந்து செந்நாய்க்கு இரையானானா, அதுவும் தெரியாது. கோட்டுப் பக்கம் போகத்தான் வழியில்லையே.

வந்துட்டாங்க வந்துட்டாங்க என்று எல்லாரும் எழுந்தார்கள், இவனும் எழுந்தான். இல்லை, அது சமோசா வண்டி. எல்லாரும் உட்கார்ந்தார்கள். சிரிப்பு. அவனும் சிரித்தான், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த போன் ஞாபகம் வந்தது, நெஞ்சில் முள் மாதிரி. எந்த போன்? அதுதான், ஆனி மாசம் அவரே பண்ணினாரே, அந்த போன். இந்த நாலு மாசத்தில் அவராகப் பண்ணினது அது ஒன்றுதான். ரங்கம்மா கொடுத்தாள், கையில் மாவோடு. "வெள்ளிங்கிரி, ஒரு சந்தேகம், நம்ம கோட்டுல ஐப்பசி மாசம் புல் எவ்வளவு உயரம் வரும்?" நம்ம கோட்டுல என்றார், அந்த நம்மவில் இவன் உருகினான். வாயெல்லாம் பல். "ஐப்பசின்னாக் கேக்கணுமாங்க, ஆள் மறைஞ்சு போகும். காட்டி நின்னா முட்டிக்கு மேல பொதைஞ்சிருமுங்க." நிறம்? "அடி பச்சை, நுனி செம்பட்டைங்க. கதிர்ல மசிரு மாதிரி சொணை இருக்கும், காத்து வந்தா எல்லாம் ஒரு பக்கமா படுத்து எந்திரிக்கும்." மெதுவாச் சொல்லுங்க எழுதிக்கிறேன் என்றார். மெதுவாகச் சொன்னான். பத்து நிமிசம் சொன்னான், பனி எப்படி நிற்கும், சிலந்தி எங்கே கட்டும், எல்லாம். வைக்கும்போது, "நீங்க இல்லாம இந்தப் படம் இல்லை" என்றார். பார்த்தியாடி என்று ரங்கம்மாவிடம் நெஞ்சை நிமிர்த்தினானே! ஆனால் காட்டியைப் பார்த்தது மாசியில். மாசியில் பார்த்ததற்கு ஐப்பசிப் புல் எதற்கு? வேறு படம் வரைகிறாராக்கும் என்று நினைத்தான் அப்போது. வேறு படம்தான். மான் படமாக இருக்கும். ஒரு மனுசன் ஒரே படமா வரைவான்? இப்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால், எதற்குக் கேட்டார்? காட்டி நின்னா எதுவரைக்கும் வரும் என்று அவர் கேட்டாரா, இவனாகச் சொன்னானா? இவனாகத்தான் சொன்னான். முட்டிக்கு மேல என்று. இல்லை, அவர் கேட்டார், உயரம் என்று கேட்டார். சே, என்ன புத்தி இது, கண் கலங்கி வரைந்த மனுசனைச் சந்தேகப்படுவது. வேலை போனால் மனசு இப்படித்தான் கண்டதையும் மோந்து பார்க்கும். எதற்குக் கேட்டார்? விடு. மான் படம்.

இந்தத் தடவை நிஜமாகவே வந்துவிட்டார் கலெக்டர் அம்மா. சின்ன வயசு, களைத்த முகம், கையில் போன். பூச்செண்டு, குத்துவிளக்கு, மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போக, யாரோ மின்விசிறியை நிறுத்த, வேர்த்தது எல்லாருக்கும். மேடை ஓரத்தில் கிருபாகரன் சார் நின்றார், அதே துணிப்பை தோளில். வெள்ளிங்கிரி தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான், ஒரு தடவை பார்த்துச் சிரிக்கட்டும், போதும். அவர் கூரையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், மணவாளன் ஏதோ காதில் சொன்னதற்குத் தலையாட்டினார். பார்க்கவில்லை. கூட்டத்தில் கண்ணுக்குப் பட்டிருக்காது. முப்பது பேர்தான் கூட்டம். காட்டுக்குள் அறுபது அடி தள்ளி இலைக்குள் இருந்த பச்சோந்தியைக் கண்டுபிடித்த கண் அது. கலெக்டர் அம்மா கயிற்றை இழுத்தார், திரை பாதியில் சிக்கியது, ரேஞ்சர் ஓடிவந்து ஒரு உலுக்கு உலுக்கினார், விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அவனும் தட்டினான், ஏனென்றால் முதலில் அவன் கண்ணுக்குப் பட்டது முறிகொம்பன் முகம்தான். அடேயப்பா! அவனேதான். உடைந்த கொம்பு நுனி, நெற்றியில் சாம்பல் மயிர், மூக்கில் ஈரம், வலது காது மடலில் உண்ணி கடித்த பள்ளம், பார்க்கிறான், பீடி வாசனையைத் தேடுகிற மாதிரியே பார்க்கிறான். உயிரோடு இருக்கிறானா செத்தானா என்று நாலு மாசமாகத் தவித்த உயிர் கண் முன்னால் மூச்சு விடுகிறது. பிறகுதான் கண் கீழே இறங்கியது.

புல். அடி பச்சை, நுனி செம்பட்டை. கதிரில் மசிரு மாதிரி சொணை. காற்றில் எல்லாம் ஒரு பக்கமாகப் படுத்து எழுந்திருக்கிறது. சிலந்திகூடக் கட்டியிருக்கிறது, அவன் சொன்ன இடத்தில். முட்டிக்கு மேலே. முன்னங்கால் இரண்டும் உள்ளே. பின்னங்கால் பக்கம் கொஞ்சம் விலக்கி வெள்ளையைக் காட்டியிருக்கிறார், சுத்தமான வெள்ளை, பார்க்கிறவர்கள் காட்டிக்குக் காலுறை உண்டு என்று தெரிந்துகொள்ள வேண்டுமே. முன்னங்காலில் ஒன்றும் இல்லை, காலே இல்லை. அவன் மறுபடியும் மறுபடியும் பார்த்தான், புல்லை விலக்கிப் பார்ப்பவன் போல. கைதட்டல் நின்ற பிறகும் அவன் கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. ஆக, இதற்குத்தான் கேட்டார். ஐப்பசிக்கு எவ்வளவு வரும் என்று இவனிடமே கேட்டு, இவன் வாயாலேயே உயரம் வாங்கி, இவன் பார்த்ததை மூடியிருக்கிறார். இவன் சொன்ன புல், ஒவ்வொரு கதிரும் இவன் சொன்னது, ஒரு பொய்கூட இல்லை, எல்லாம் நிசம், அந்த நிசத்தை எல்லாம் கொண்டுபோய் அந்தக் கம்பிமேல் போட்டு மூடியிருக்கிறார். அடப்பாவி! பத்து நிமிசம் சொன்னேனே. மெதுவாகச் சொன்னேனே. ரேஞ்சர் மோசம் என்று தெரியும், மணவாளன் மோசம் என்று தெரியும், அவர்கள் செய்தது எதுவும் இவனுக்கு வலிக்கவில்லை, மழையில் நனைகிற மாதிரி அது, நனைந்தால் துவட்டிக்கொள்ள வேண்டியதுதான். இது அப்படி இல்லை. மடியில் நோட்டைப் போட்டு எங்கே தப்பு என்று கேட்ட ஆள். கட்டஞ்சாயாவுக்கு வெல்லம் போதுமா என்று பார்த்துப் பார்த்துப் போட்டுக் கொடுத்தேனே அந்த ஆளுக்கு. கண் கலங்கினதே, அது எதற்கு? அந்தத் தண்ணீர் நிசமா? நிசமாகத்தான் இருக்கும், அதுதான் தாங்க முடியவில்லை. கலங்கவும் கலங்கி, மூடவும் மூடுகிற மனுசனை என்ன பேர் சொல்லித் திட்டுவது என்று வெள்ளிங்கிரிக்குத் தெரியவில்லை.

ரேஞ்சர் பின்னால் வந்து குனிந்தார். "பாத்தியா? ஆர்ட்டிஸ்டே பாக்கலேன்னு ஆயிடுச்சு. சாப்பாட்டுக்கு முன்னாடி அந்தத் தாளைக் குடுத்துரு." பேனாவை இவன் பையில் செருகிவிட்டுப் போனார், பரிவாகக்கூட இருந்தது அவர் குரல். சரி, எழுதிவிடலாம். ரங்கம்மா சொன்னது சரி, ஒரு வரிதான். திங்கட்கிழமை உள்ளே போய் முறிகொம்பனைத் தேடலாமே, அதற்காவது எழுதலாமே, எலும்பாவது கிடைக்கும், எலும்பில் கம்பி இருக்கும். இருக்குமா? கம்பியை எடுத்து யாரிடம் கொடுப்பது, மறுபடியும் ரேஞ்சரிடமா? பேனா முனையை அமுக்கினான், டிக், விட்டான், டிக். மேடையில் யாரோ காட்டின் பெருமை பேசினார்கள். அவன் தலையைத் தூக்கி மறுபடியும் படத்தையே பார்த்தான், வேறு எதைப் பார்ப்பது, முறிகொம்பன் தோளைப் பார்த்தான். இடது தோள் தூக்கியிருந்தது. சரிந்த முதுகு, எடை எல்லாம் வலது பக்கம். புல்லுக்குள் அந்தக் கால் ஊன்றவில்லை. புல்லை வரைந்தவருக்குத் தோளை மாற்ற மனசு வரவில்லை போல, அல்லது மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. அப்புறம் பின்னால் பார்த்தான். முள்ளிலவு. ஒரு இலை இல்லை. செக்கச்செவேல் என்று பூ. கீழே உதிர்ந்த பூக்கூட நாலு, புல் நுனியில் தங்கி நிற்கிறது. வெள்ளிங்கிரி நாற்காலியில் சாய்ந்தான், டக், யார் திரும்பினால் என்ன. ஐப்பசியில் முள்ளிலவு பூக்குமா? ஐப்பசியில் அது பச்சைப்பசேல் என்று தழைத்து நிற்கும். பூ மாசி. பூ பூக்கிறபோது அங்கே புல்லே கிடையாது. பூவைப் பற்றி அவர் கேட்கவே இல்லையே போனில்! கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், சொல்லியிருப்பானே மடையன், பூவை எடுத்துருங்க சார் என்று சொல்லி முழுசாக மூட வைத்திருப்பான். மறந்துவிட்டாரா? பாசியை விடாத மனுசன் மறப்பாரா? இல்லை, இவனுக்கென்று விட்டுவைத்தாரா, வெள்ளிங்கிரி பார்ப்பான், அவனுக்கு மட்டும் தெரியும் என்று? அப்படியானால் அதுவும் கோழைத்தனம்தான். தனக்கு வாய் இருக்கும்போது இன்னொருத்தன் வாயில் கொண்டுபோய் வைப்பது. மறந்தாரா, வைத்தாரா. மறந்தாரா, வைத்தாரா. டிக், டிக் என்று பேனா.

"இப்ப நம்ம ஓவியர் ரெண்டு வார்த்தை பேசுவார்." கிருபாகரன் மைக்கைப் பிடித்தார். தரையைப் பார்த்தே பேசினார், காடு, அழகு, நன்றி, மணவாளன் ஐயாவுக்கு நன்றி, ரேஞ்சருக்கு நன்றி. நிறுத்தினார். நிறுத்தியபோதுதான் நிமிர்ந்தார், நேராக மூன்றாவது வரிசை ஓரத்துக்கு வந்தது அந்தக் கண். பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். "எனக்குக் காட்டைக் காட்டினவர் இங்க இருக்கார், வெள்ளிங்கிரி. தினம் சாயங்காலம் அவர்கிட்டத்தான் காட்டுவேன், எங்க தப்புன்னு கேப்பேன். அவர் தப்பு இல்லேன்னு சொன்னாத்தான்..." குரல் இறங்கிப் போனது, முடிக்கவில்லை. கூட்டம் திரும்பிப் பார்த்தது, நல்ல மனசு என்று யாரோ சொன்னார்கள். கலெக்டர் அம்மா போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்படியா? நீங்க சொல்லுங்க, தப்பு இருக்கா?" ஒருத்தர் ஒயரில்லாத மைக்கைக் கொண்டுவந்து இவன் வாய்க்கு நேரே நீட்டினார். ரேஞ்சர் தூரத்தில் இருந்து இல்லேன்னு சொல்லு என்பது போலத் தலையாட்டினார், புன்னகையோடு. இல்லைங்க. ஒரே வார்த்தை. சொன்னால் சாப்பாடு, சொன்னால் திங்கட்கிழமை. அவன் எழுந்தான். சட்டை தோளில் இருந்து வழிந்தது, இழுத்துவிட்டுக்கொண்டான்.

"புல்லு தப்புங்கம்மா."

மைக்கில் அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. நாலு பேர் சிரித்தார்கள், வெகுளியாகப் பேசுகிறான் என்று.

"புல்லா? நல்லா இருக்கே, தொட்டாக் கையைக் கீறும் போல இருக்கே" என்றார் கலெக்டர் அம்மா.

"நல்லாருக்குதுங்க. ஐப்பசிப் புல்லு. ஆனா பின்னால பூத்திருக்குதே முள்ளிலவு, அது மாசியிலதான் பூக்கும். மாசியில அந்த எடத்துல புல்லே இருக்காதுங்கம்மா. தை மாசமே அறுத்து எரிச்சாச்சு. நான்தான் அறுத்தேன்."

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான், தழும்பு தெரியட்டும் என்று. மணவாளன் வேட்டியைச் சரிசெய்தார். ரேஞ்சர், "மேடம், லஞ்ச் ரெடி" என்றார். அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தார், பூவை, பிறகு புல்லை.

"சரி, புல் இல்லேன்னா எப்படி இருக்கும்?"

"முன்னங்காலு தெரியுமுங்க."

"தெரிஞ்சா?"

வெள்ளிங்கிரி கிருபாகரனைப் பார்த்தான். மடியில் நோட்டைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும்போது இருக்கிற முகம், அதே முகம். ரப்பர் மட்டும் கையில் இல்லை. திங்கட்கிழமை போயிற்று என்று வெள்ளிங்கிரிக்குத் தெரிந்தது, ரங்கம்மாவுக்கும் எஸ்டேட்டில் நாளை வேலை இருக்காது, அதுவும் தெரிந்தது.

"எடது முன்னங்கால்ல கம்பி இருக்குதுங்கம்மா. சுருக்குக் கம்பி. சதைக்குள்ள எறங்கிக் கெடக்குது. அதான் தோளைத் தூக்கிட்டு நிக்கறான், பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. மின்விசிறி நின்றுபோன அறையில் எல்லார் தலையும் படத்தின் பக்கம் திரும்பியது.

"யார் பார்த்தது? நீங்க மட்டுமா?" என்றார் கலெக்டர் அம்மா.

"நானும் அவருமுங்க" என்று வெள்ளிங்கிரி கை நீட்டினான். "மூணு நாளு பாத்தோம். அந்தக் காலை மட்டும் ஒரு பக்கம் முழுக்க வரைஞ்சு வெச்சிருக்காரு. அந்த நோட்டு எப்பவும் அவரு தோள்ல தொங்குற பையிலதாங்க இருக்கும்."

கலெக்டர் அம்மா கிருபாகரனைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். கிருபாகரன் பையின் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.